நான் ஏற்றிய கூலி

கனடாவில் நான் வேலை செய்த தொழிற்சாலையை மூடிய கிழமையே மனக்கணக்குப் போடத் தொடங்கிவிட்டேன். வீட்டு வாடகை, குளிர்காலச் சூடாக்கி, கார்க் காப்புறுதி. இந்த மூன்றுக்கும் போகிற காசில் இலங்கையில் ராசா மாதிரி இருக்கலாம் என்று மனைவியிடம் சொன்னேன்.

"அப்ப முதல் நீங்கள் போய் இருந்து பாருங்கோ, ராசா" என்றாள்.

யாழ்ப்பாணத்தில் காணி ஆனை விலை, குதிரை விலை. ஆனையிறவு தாண்டி வன்னிக்குள் இறங்கி, கிளிநொச்சியிலிருந்து உள்ளே, வாய்க்கால் ஓரமாக ஒரு ஓட்டு வீடும் பற்றை மூடிய இரண்டு ஏக்கரும் வாங்கினேன். வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்காரன் பெயரில் எழுத முடியாது என்று தங்கையின் பெயரில் எழுதினோம். என் மொழி பேசுகிற ஊரில் நான் விசா எடுத்து இருக்கிற ஆள்.

மீன் மலிவு, முருங்கைக்காய் மலிவு, முடிவெட்டு மலிவு. ஆனால் நான் பழகியது ஒன்றும் மலிவில்லை. ஒரு துண்டு சீஸின் விலைக்கு ஒரு நாள் கறிக்கு மீன் வாங்கலாம். பழைய காரின் விலையைக் கேட்டுவிட்டுப் பேசாமல் ஸ்கூட்டர் வாங்கினேன். முதல் மின்சாரப் பட்டியல் வந்த அன்றே குளிரூட்டியை நிறுத்தினேன். ஓரிடத்தில் இருக்கிற சுபாவமும் எனக்கு இல்லை. காணியை ஒரு சுற்றுச் சுற்றுவேன், கைத்தொலைபேசியில் டொலரின் விலையைப் பார்ப்பேன், மறுபடியும் சுற்றுவேன். டொலர் ஏறினால் சந்தோசம். அது ஏறினால் பக்கத்து வீட்டில் கோதுமை மா விலையும் ஏறும் என்று எனக்கு யோசனை ஓடவில்லை.

பற்றை வெட்டவும் தென்னங்கன்றுக்குக் குழி தோண்டவும் ஆறு பெண்கள் வந்தார்கள். அவர்களுடைய பெற்றோர் தேயிலைத் தோட்டங்களை விட்டு வன்னிக்கு வந்து குடியேறியவர்கள். அவர்களில் மூத்தவர்தான் மற்றவர்களைக் கூட்டிவந்தவர். அவரிடம் கூலி எவ்வளவு என்று கேட்டேன்.

"ஒரு நாளைக்கு ஆயிரத்து ஐநூறு ஐயா."

எனக்குக் கூச்சமாகிவிட்டது. கனடாவில் ஒரு மணி நேரத்துக்கு இதைவிடக் கூட வாங்கியவன் நான். "இரண்டாயிரத்து ஐந்நூறு தாறன்" என்றேன். அந்தப் பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அன்று முழுவதும் எனக்கு என்னையே பிடித்திருந்தது.

பத்தாம் நாள் பக்கத்துக் காணி அக்கா வேலியடிக்கு வந்தார். கணவர் இல்லை. குடியேற்றத் திட்டத்தில் கிடைத்த மண்ணில் தனியாகக் கச்சான் கடலை போடுகிறவர். வருசம் முழுவதும் அவருடைய அடுப்பு அந்தக் கச்சானை நம்பித்தான் எரிகிறது.

"தம்பி, உங்கட வேலை எப்ப முடியும்?"

"ஏன் அக்கா?"

"கச்சான் முத்தி நிக்குது. பிடுங்க ஆக்கள் இல்லை. எனக்கு வழமையா வாற ஆக்கள்தான் உங்களிட்ட நிக்கினம். மழை வரப்போகுதெண்டு ரேடியோவில சொல்லுறான்."

முத்திய கச்சான் நனைந்தால் மண்ணுக்குள்ளேயே முளைத்துவிடுமாம். அதையும் அவர்தான் எனக்குச் சொல்லித்தர வேண்டியிருந்தது.

உடனே ஓடிப்போய் வேலையை நிறுத்தினேன். நாலு நாளைக்கு அக்காவிடம் போங்கள் என்று பெண்களிடம் சொன்னேன்.

"அதே கூலி குடுப்பாங்களா ஐயா?" என்றார் கூட்டிவந்தவர்.

"அவவால ஏலாது."

"நேத்து வரைக்கும் எங்க ஒடம்புக்கு ரெண்டாயிரத்து ஐநூறு பெறும்னு நீங்கதானே சொன்னீங்க? நாளைக்கு மட்டும் கொறஞ்சிருமா?"

எனக்குக் கோபம் வந்தது. அவர் சொன்னது சரி என்பதால்தான் அவ்வளவு கோபம். கூலி ஏறியதில் அவர்மேல் என்ன பிழை? ஏற்றியவன் நான்.

திரும்பவும் அக்காவிடம் போனேன். மிச்சக் காசை நான் போடுகிறேன், ஆட்களைக் கூப்பிடுங்கள் என்றேன். அவர் சமையல் சட்டியும் கையுமாகக் குசினி வாசலிலேயே நின்றார்.

"என்ர தோட்டத்துக்கு நீங்கள் கூலி குடுத்தா, அது ஆரின்ர தோட்டம் தம்பி?"

நான் திரும்பிப் போக ஒரு அடி வைத்தேன்.

"நீங்கள் நல்லதெண்டுதான் செய்தனீங்கள். அதாலதான் உங்களை ஏசவும் முடியாமக் கிடக்கு" என்றார்.

அடுத்த நாள் விடிய நானே போய்க் கச்சான் பிடுங்கினேன். மண் இறுகிக் கிடந்தது. நான் இழுத்த செடி அறுந்து கையோடு வந்தது. காய் மண்ணுக்குள் நின்றுவிட்டது. அக்கா பின்னால் மண்வெட்டியோடு வந்து நான் விட்டதைக் கிண்டி எடுத்தார். ஒரு வேலைக்கு அவர் இரண்டு வேலை செய்தார். பத்து மணிக்கு, "வெயில் ஏறுது தம்பி, நீங்கள் போய் இருங்கோ" என்றார். ஏச்சைவிட அது மோசம். வீட்டுக்குப் போய் இருக்க முடியாமல் வேலியோரம் நடந்தேன், வானத்தைப் பார்த்தேன், இன்னும் நடந்தேன். அவர் குனிந்தபடியே இருந்தார்.

மூன்றாம் நாள் மத்தியானம் மழை பிடித்தது. இரண்டு நாள் விடவில்லை. அவர் தோட்டத்தில் கால்வாசிகூடப் பிடுங்கவில்லை. மழை விட்டு ஒரு கிழமையில் அவர் இழுத்த செடிகளில் காய் வெடித்து வெள்ளை முளை விட்டிருந்தது. நான் கனடாவுக்கு விமானச் சீட்டு என்ன விலை என்று பார்த்தேன். வெட்கம், வேறொன்றுமில்லை. மனைவி தொலைபேசியில் செலவெல்லாம் எப்படி என்று கேட்டாள். "மலிவுதான்" என்றேன்.

நடாமல் பைகளில் வைத்திருந்த தென்னங்கன்றுகள் வாடத் தொடங்கியதால் மறுபடி வேலையைத் தொடங்கினேன். திங்கட்கிழமை காலை அந்தப் பெண்கள் படலையைத் திறந்து வந்தார்கள். எண்ணிப் பார்த்தேன், ஏழு பேர். கடைசியாக அக்கா. சேலைக்கு மேல் பழைய ஆண் சட்டை, தோளில் மண்வெட்டி.

"எனக்கும் அதே கூலிதானே?" என்றார்.

"ஓம் அக்கா."

வேறென்ன சொல்வது? வேண்டாம், நீங்கள் வேலை செய்யாமலே காசு தருகிறேன் என்றா? அவரை வரவேண்டாம் என்றா? அவர் மற்றப் பெண்களோடு போய்க் குழி தோண்டினார். கெட்டிக்காரி, மற்றவர்களைவிட இரண்டு குழி கூடத் தோண்டினார். தேத்தண்ணீர் கொடுத்தபோது கதிரையில் வந்து இருங்கள் என்று கூப்பிட்டேன். அவர் அந்தப் பெண்களோடு நிழலில் நிலத்திலேயே இருந்து குடித்தார்.

பின்னேரம் கூலியை வாங்கி, எண்ணாமல் மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

"நாளைக்கும் வரட்டோ, ஐயா?" என்று கேட்டார்.