ஷோகேஸை விட்டு இறங்கிய டீப்பாட்

இன்று பூந்தமல்லியிலிருந்து வந்த நாத்தனார், உட்கார்ந்ததுமே ஷோகேஸைப் பார்த்தார்.

"அந்த டீப்பாட்டு சும்மாதானே கீது? நான் எடுத்துகினு போவட்டா?"

என் கல்யாணத்துக்கு அம்பத்தூர் எஸ்டேட் கம்பெனியில் என்னோடு வேலை பார்த்த தோழிகள் சேர்ந்து வாங்கித் தந்த பீங்கான் டீப்பாட் அது. வீட்டுக்காரர் தலையாட்டுவதற்குள் முந்திக்கொண்டேன்.

"சும்மா இல்ல அண்ணி, எங்களுக்குத் தினம் அதுலதான் டீ."

"அப்போ ஊத்து, பாப்போம்."

தூசி போகக் கழுவினேன். வழக்கம்போலப் பால், தூள், சர்க்கரை எல்லாம் ஒன்றாகக் கொதிக்கவிட்டு, வடிகட்டி அதில் ஊற்றினேன். காலையில் மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் மணல் பரப்பிய சட்டி வைத்து நானே சுட்ட கேக்கையும் வெட்டிக் கொண்டுபோனேன்.

சாய்த்தால் ஒரு சொட்டுகூட வரவில்லை. பாலாடை டீப்பாட்டின் மூக்கை அடைத்துவிட்டது.

"தினம் இதுலதான் குடிக்கிறியா?" என்று சிரித்தார் நாத்தனார். வீட்டுக்காரர் வாய் நிறையக் கேக்கோடு விட்டத்தைப் பார்த்தார்.

மூடியைத் திறந்தேன். குழம்புக் கரண்டியால் மொண்டு மூன்று டம்ளரிலும் ஊற்றினேன்.

"எங்க ஊட்ல இப்படித்தான் அண்ணி."

நாத்தனார் இரண்டாவது டம்ளரும் கேட்டு வாங்கிக் குடித்தார்.

இனி தினமும் அதில்தான் டீ. மூக்கு அடைக்காமல் ஊற்றத் தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள். டீப்பாட்டை மட்டும் யாரும் கேட்காதீர்கள்.