எதிரணியில் என் ஆள்

திங்கட்கிழமை காலை டீ இடைவேளைக்கு எங்கள் ஃபேக்டரியில் யாரும் டீ குடிக்கப் போனதில்லை. கேன்டீன் சுவரில் ஒரு கரும்பலகை இருந்தது. அன்றைக்கு என்ன சாப்பாடு என்று எழுதுவதற்காக மாட்டியது. சாம்பாரும் கோஸ் பொரியலும் ஒருநாளும் மாறாததால் அதில் எழுத ஒன்றுமில்லை. அதைக் கால்பந்துக்கு எடுத்துக்கொண்டோம்.

எண்பதுகளின் பின்பாதி. ஓசூரில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஃபேக்டரி அணிகள் லீக் ஆடும். தொழிற்பேட்டைக்குப் பின்னால், தைல மரங்களுக்கு நடுவே செம்மண் கிரவுண்டு. ஆடுவது பதினோரு பேர்தான். மற்றவர்கள் சும்மா நிற்க வேண்டுமா? அதற்காக நாங்கள் கண்டுபிடித்த ஆட்டம் இது. சீசன் தொடக்கத்தில் ஆளுக்கு மூன்று ஆட்டக்காரர்களைப் பிடித்துக்கொள்ள வேண்டும். எந்த ஃபேக்டரி ஆளாகவும் இருக்கலாம். நீ பிடித்த ஆள் கோல் போட்டால் உனக்குப் பாயிண்ட், சொதப்பினால் உனக்குக் கழியும். அந்த வாரம் அதிகப் பாயிண்ட் எடுத்தவனுக்குப் பரிசு, புதன்கிழமை கேன்டீனில் போடும் கேசரி. அவனுடையது மட்டுமல்ல, ஆட்டத்தில் சேர்ந்த எல்லோருடையதும். ஒருத்தன் தின்பான், மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருப்போம். இப்போது என் மகன் போனை வைத்துக்கொண்டு இதையேதான் ஆடுகிறான். "உனக்கெல்லாம் இது புரியாதுப்பா" என்கிறான். சரிப்பா என்கிறேன்.

பாயிண்ட் போடுகிறவர் இன்ஸ்பெக்‌ஷனில் இருந்த பாய். கிருஷ்ணகிரியில் அவர் குடும்பத்துக்குத் துணிக்கடை உண்டு. அதை அண்ணன் தம்பிகளிடம் விட்டுவிட்டு இரும்பை அளக்க வந்தவர். சட்டைப் பையில் எப்போதும் அளவு பார்க்கிற வெர்னியர் காலிபர். வாழ்க்கையில் பந்தை உதைத்ததே இல்லை. அதனால்தான் அவரை நடுவராக வைத்தோம், யார் பக்கமும் சாயமாட்டார் என்று. ஞாயிற்றுக்கிழமை கோட்டோரமாகக் குடை பிடித்துக்கொண்டு நிற்பார். திங்கட்கிழமை சாக்பீஸோடு வந்து, மெஷின் ஷாப்பிலிருந்து வரும் உருப்படிகளைப் பார்க்கிற மாதிரியே ஆட்டக்காரர்களைப் பார்ப்பார். ஓகே, ரீவொர்க், ரிஜெக்ட். அவருக்கு உலகத்தில் இந்த மூன்று சாதிதான்.

"ரைட் பேக், ஓகே. லெஃப்ட் அவுட், ரீவொர்க். ஓட்டம் இருக்கு, பினிஷிங் இல்ல."

அப்பீல் கிடையாது.

நான் கோல்கீப்பர். அதுவும் டெம்பரவரி. முன்பு இருந்த கீப்பர் துபாய்க்குப் போய்விட்டதால், உயரமாக இருக்கிறான் என்று என்னை எடுத்தார்கள். வார நாளில் இரும்புப் பாகங்களின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் பிசிறைத் தட்டி எடுக்கிற வேலை, ஞாயிற்றுக்கிழமை கோல் போஸ்ட். சீசன் முடிந்ததும் ஒருத்தரைப் பர்மனென்ட் ஆக்குவோம் என்று பர்சனல் ஆபீசர் சொல்லியிருந்தார். "நல்லா ஆடு, பாக்கலாம்" என்றார். என் அப்பாவோ மத்தூரில் பெண் வீட்டாரிடம் மாப்பிள்ளை பர்மனென்ட் என்றே சொல்லிவிட்டார். ஆக நான் மத்தூரில் பர்மனென்ட், ஓசூரில் டெம்பரவரி. நடுவில் பஸ்ஸில் வரும்போது என்னவாக இருந்தேன் என்று தெரியவில்லை.

இப்படிப்பட்ட நிலையில் இருக்கிறவன் ஒழுங்காக இருக்க வேண்டுமா இல்லையா. நான் புத்திசாலித்தனம் செய்தேன். என் மூன்றாவது ஆளாகப் பக்கத்து ஃபேக்டரி ஃபார்வர்டைப் பிடித்தேன். எங்கள் ஆட்கள் பாசத்தில் எங்கள் அணியையே பிடித்துக்கொண்டிருக்க, நான் மட்டும் எதிரியிடம் முதலீடு செய்தேன். பாகலூர்ப் பக்கத்துப் பையன், வீட்டில் கன்னடம். வாராவாரம் கோல் போட்டான். வாராவாரம் நான் கேசரி தின்றேன்.

எங்கள் ஆட்டம் முடிந்தாலும் நான் வீட்டுக்குப் போகமாட்டேன். அவன் ஆட்டத்தைப் பார்க்க நின்றுவிடுவேன். பெண் பார்க்க வந்தவன்கூட அப்படிப் பார்த்திருக்கமாட்டான். பார்க்கப் பார்க்க ஒன்று பிடிபட்டது. தனியாகக் கோலுக்கு எதிரே வந்து உதைப்பதற்குக் கொஞ்சம் முன்னால், அவனுடைய ஒரு பக்கத் தோள் லேசாக இறங்கும். எந்தத் தோள் இறங்குகிறதோ, பந்து அந்தப் பக்கம்தான். இது வேறு யாருக்கும் தெரியாது. வேறு யாரும் அவனை அவ்வளவு ஆசையோடு பார்த்ததில்லை.

ஒரு சனிக்கிழமை நோட்டீஸ் போர்டில் மறுநாள் ஆட்டம் ஒட்டியிருந்தது. நாங்களும் பக்கத்து ஃபேக்டரியும். லீக் என்றால் எல்லோரும் எல்லோரோடும் மோதித்தான் ஆக வேண்டும். இது எனக்குத் தெரியாததல்ல. கேசரி கண்ணை மறைத்துவிட்டது.

எங்கள் ஃபிட்டர் ஒருவர், திருநெல்வேலிக்காரர், கேட்டில் வைத்தே ஆரம்பித்தார்.

"ஏ கீப்பரு, நாளைக்குப் பந்தப் பிடிச்சா உனக்குப் பேரு, விட்டா உனக்குக் கேசரி. கொடுத்து வச்சவம்டே நீ."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கூடவே பர்சனல் ஆபீசரும் சிரித்துக்கொண்டே போனார். அன்று மதியத்துக்குள் பாத்ரூமுக்கு நான் போன தடவைகளை எண்ணியிருந்தால் என் சூப்பர்வைசர் என்னை அப்போதே அனுப்பியிருப்பார்.

பாயிடம் ஓடினேன். "பாய், என் மூணாவது ஆள எடுத்துருங்க. கேசரியே வேணாம்."

அவர் கையிலிருந்த பாகத்தைத் தூக்கி அதன் நடுத்துளை வழியாக என்னைப் பார்த்தார். "துளை போட்டாச்சு தம்பி. போட்ட துளைய எப்படி எடுக்கறது?"

அதோடு நிறுத்தியிருக்கலாம். பயந்தவன் நிறுத்துவதில்லை. சாயங்காலம் அந்த ஃபார்வர்ட் குடியிருந்த மூக்கண்டப்பள்ளிக்குப் போனேன், அவனைப் பார்க்க. வரிசை வீடுகளில் ஒன்றின் வாசலில் குந்தியபடி, பழைய டூத் பிரஷ்ஷால் பூட்ஸைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"பன்னி குரு," என்றான், கன்னடத்தில் வாங்க என்று. "கீப்பர் தானே நீ? இத்தன தூரம்?"

விஷயத்தைச் சொன்னேன். கேட்டுவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தான். "என்னைப் பிடிச்சிருக்கியா நீ? எங்க ஃபேக்டரியில தெரிஞ்சா மெடல் குடுப்பாங்க. இப்ப நான் என்ன செய்யணும்?"

"நாளைக்கு..."

"பேடா குரு, வேணாம், அத மட்டும் சொல்லாத." சிரிப்பு நின்றுவிட்டது. "நானும் டெம்பரவரிதான். என் கையில ஒரு வேலையும் கிடையாது, கால் மட்டும்தான். நான் போட்டா நீ விட்டேன்னு சொல்வாங்க. போடலேன்னா நான் விட்டேன்னு சொல்வாங்க. நீ வீட்டுக்குப் போயி சாப்பிட்டுப் படு."

எனக்கே அப்போதுதான் உறைத்தது, நான் கேட்க வந்தது என்ன என்று. திரும்பிச் சந்துக்கு வந்தேன். எதிரே மண்ணெண்ணெய் கேனோடு ஃபிட்டர்.

அவர் என்னைப் பார்த்தார். அந்த வீட்டைப் பார்த்தார். பூட்ஸைப் பார்த்தார்.

"இங்கன என்னடே வேல?" என்றார்.

"சும்மா, நடந்து வந்தேன்," என்றேன். நான் குடியிருந்தது ஊரின் மறுகோடியில்.

ஞாயிற்றுக்கிழமை, முதல் பாதியில் கார்னரிலிருந்து வந்த பந்தை அவன் தலையால் முட்டிப் போட்டான். நான் பாய்ந்தேன், எட்டவில்லை. சத்தியமாக எட்டவில்லை. எங்கள் ஆட்கள் பக்கம் சத்தமே இல்லை. ஒரே ஒருத்தர் கைதட்டினார். ஃபிட்டர் என்று சொல்ல வேண்டியதில்லை. கோட்டோரம் நாற்காலி போட்டுப் பர்சனல் ஆபீசர் உட்கார்ந்திருந்தார்.

இரண்டாம் பாதியில் நாங்களும் ஒன்று போட்டோம். முடியப் போகிற நேரம். எங்கள் ரைட் பேக் வழுக்கி விழ, அவன் பந்தோடு தனியாக வந்தான். என் கண் பழகிய கண். இடது தோள் இறங்கியது. அவன் உதைக்கும் முன்பே நான் அந்தப் பக்கம் போய்விட்டேன். பந்து என் வாயில் வந்து மோதி வெளியே போனது. உதடு கிழிந்தது. ஆட்டம் டிரா.

என்னைத் தூக்கினார்கள். ரத்தத்தோடு சிரித்தேன். பர்மனென்ட் ஆகிவிட்டேன் என்றே நினைத்தேன். அந்தச் சந்தோஷம் தண்ணீர்க் குழாய் வரைக்கும் தாங்கியது. வாயைக் கழுவும்போது பின்னால் பேச்சுக் கேட்டது.

"பாத்தியா, உதைக்கறதுக்கு முன்னாடியே போயிட்டான்."

"போவாம? நேத்து வீட்டுக்கே போயிப் பேசிட்டு வந்துருக்கான்லா. ஒண்ணு உனக்கு, ஒண்ணு எனக்குன்னு."

விட்டது ஒரு சாட்சி, பிடித்தது அதைவிடப் பெரிய சாட்சி.

திங்கட்கிழமை உதட்டில் தையலோடு கேன்டீனுக்குப் போனேன். பலகைக்கு முன்னால் பாய். கை கழுவுகிற தொட்டி ஓரமாக டீ கிளாஸோடு பர்சனல் ஆபீசர். அவர் ஒருநாளும் அங்கே வந்ததில்லை. ஃபிட்டர் மூக்கண்டப்பள்ளிக் கதையை மண்ணெண்ணெய் விலையிலிருந்து தொடங்கிச் சொல்லி முடித்தார்.

பாய் சாக்பீஸை விரலில் உருட்டினார். "ஒரே கேள்வி தம்பி. பந்து வர்றதுக்கு முன்னாடி அந்தப் பக்கம் எப்படிப் போனே?"

தோள். ஒரே சொல். அதைச் சொன்னால் நான் திறமைசாலி, பர்சனல் ஆபீசர் காதுபடத் திறமைசாலி. ஆனால் சாயங்காலத்துக்குள் எல்லா ஃபேக்டரி டீக்கடையிலும் அவன் தோள்தான் பேச்சாக இருக்கும். அடுத்த ஞாயிறு அவன் பந்தைக் குழந்தைகூடப் பிடிக்கும். கோல் போடாத ஃபார்வர்டை எந்த ஃபேக்டரி வைத்துக்கொள்ளும்?

அதே நொடியில் இன்னொன்றும் மனதில் ஓடியது. அவன் என் ஆள். சீசன் பாதி பாக்கி.

"பயத்துல கண்ண மூடிக்கிட்டேன் பாய்," என்றேன். "பந்துக்குத் தப்பி ஓடிரலாம்னுதான் அந்தப் பக்கம் பாஞ்சேன். அது குறுக்க வந்து வாயில மாட்டிக்கிச்சு."

கேன்டீனே சிரித்தது. தையல் இழுக்க இழுக்க நான் ஓடிய விதத்தை நடித்தும் காட்டினேன். ஃபிட்டருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "இந்தப் பயலா சதி பண்ணுவான்? அதுக்குக் கொஞ்சம் தைரியம் வேணும்லா." சந்தேகம் அங்கேயே செத்தது.

பாய் மட்டும் சிரிக்கவில்லை. அளவெல்லாம் சரியாக இருந்தும் கைக்கு ஏதோ உறுத்துகிற பாகத்தைப் பார்ப்பதுபோல் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு எழுதினார். கீப்பர், ரீவொர்க்.

பர்சனல் ஆபீசர் கிளாஸை வைத்துவிட்டுப் போனார்.

அந்த வாரமும் கேசரி எனக்கே. அவன் தலையால் போட்ட கோல். கிண்ணங்களை வரிசையாக என் முன்னால் வைத்துவிட்டு எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். உதட்டைத் திறக்க முடியவில்லை. ஸ்பூன் நுனியால் கொஞ்சம் நக்கினேன், நெய் தையலில் பட்டு எரிந்தது. எதற்காக வாயை மூடினேன், அவன் வேலைக்காகவா, இந்தக் கிண்ணங்களுக்காகவா என்று அங்கே உட்கார்ந்து யோசித்தேன். இரண்டையும் தனித்தனியாகப் பிரித்து எடுக்க வரவில்லை. பிசிறு தட்டுகிறவனுக்கு அது அவமானம்தான்.

சீசன் முடிவில் ரைட் பேக்கைப் பர்மனென்ட் ஆக்கினார்கள், அன்றைக்கு வழுக்கி விழுந்த அதே ரைட் பேக். எனக்கு இன்னும் ஆறு மாதம் டெம்பரவரி. மத்தூர்ப் பெண்ணைத் தேன்கனிக்கோட்டையில் ராகி போடுகிற ஒருத்தருக்குக் கொடுத்துவிட்டார்கள். வருஷா வருஷம் யானை வந்து மேய்கிற நிலமாம். மேய்ந்தாலும் நிலம் பர்மனென்ட்தானே என்று அப்பா என்னைப் பார்க்காமல் சொன்னார்.

சீசன் முடிவதற்குள் மிச்சமிருந்த ஞாயிறுகளில், எங்கள் ஆட்டம் முடிந்ததும் நான் கோட்டோரம் நின்றேன். அவன் பந்தோடு தனியாக வருவான். தோள் இறங்கும். நான் பந்தைப் பார்க்கமாட்டேன். எதிரே நிற்கிற கீப்பரின் கண் எங்கே போகிறது என்றுதான் பார்த்துக்கொண்டிருப்பேன்.