பீடி அல்ல, கோக் தூள்

எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். அண்ணனின் நினைவு மலரில் எழுதத் தகுந்தவர்கள் குடும்பத்தில் பலர் இருக்க, நான் எழுத வந்ததைப் பெரியவர்கள் மன்னிக்க வேண்டும். அண்ணனைப் பற்றி ஒரு பொய் பரவுகிறது. அதனால் எழுதுகிறேன்.

அண்ணன் பெரியதாழையில் பிறந்தார். மீன்பிடி வள்ளத்தில் ஏறினாலே வாந்தி எடுப்பார். "கடலுக்கே ஒன்னப் பிடிக்கலலே" என்று ஊரே கேலி செய்தது. இளவயதிலேயே தூத்துக்குடிக்கு வந்து, துறைமுகத்தில் இறங்கும் கோக் கரியைச் சலித்துத் தரம் பிரிக்கும் யார்டில் சேர்ந்தார். அந்தக் கூலியில்தான் என்னைக் கட்டிக் கொடுத்தார்.

நிலக்கரியைக் காற்றுப்படாமல் சுட்டு எடுப்பது கோக். பெரிய கட்டிகள் இரும்பு உருக்கக் கோயம்புத்தூர் வார்ப்படச் சாலைகளுக்குப் போகும். சிறியவை சுண்ணாம்புக்கல்லோடு சேர்த்து எரிக்கச் சோடா ஆலைக்குப் போகும். நம் வீட்டு மோட்டார் பம்புக்கும் துணி துவைக்கும் சோடாவுக்கும் அது வேண்டும். தூள் அண்ணனின் நெஞ்சுக்குப் போனது.

சலிக்கும்போது தண்ணீர் தெளித்தால் தூள் அடங்கும். அதற்குக் குழாயும் இருந்தது. ஆனால் கரி ஈரமாக இருந்தால், வாங்குகிறவர்கள் ஈரத்துக்கென்று எடையைக் கழித்துவிடுவார்கள். அதனால் யார்டு காண்ட்ராக்டர் குழாயைப் பூட்டி வைத்தார். அண்ணன் போய்க் கேட்டிருக்கிறார்.

"எடையக் கழிக்கான்வே. ஒமக்கென்ன, மூக்குல துண்டக் கட்டும்" என்றாராம் சூப்பர்வைசர்.

"ஏசி ரூம விட்டு எறங்கி வாரும். துண்டு நான் தாரேன்" என்றாராம் அண்ணன்.

அதற்காகச் சில நாள் அவருக்கு வேலை தரவில்லை. குழாயையும் திறக்கவில்லை.

கடைசி மாதங்களில் அண்ணனால் படுக்க முடியவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே தூங்கினார். ஒரு வாய்க் கஞ்சி குடித்தாலும் மூச்சு வாங்கும். "ஏளா, அழாத. இப்ப வள்ளத்துல ஏத்துனாலும் வாந்தி வராது, உள்ள ஒண்ணுமில்ல" என்று என்னைச் சிரிக்க வைக்கப் பார்த்தார்.

அடக்கத்துக்கு மாலையோடு வந்த காண்ட்ராக்டர், என் மதினியிடமே "பீடிதான் ஆளக் கெடுத்துட்டு" என்றார். அண்ணன் பீடியைத் தொட்டதில்லை. நம் தேவாலயப் பங்கு மக்கள் எல்லோருக்கும் அது தெரியும். எனக்குக் கூட்டத்தில் பேச வராது. இப்போது எழுதிவிட்டேன். வாசிக்கிறவர்கள் இனி யாராவது பீடி என்று சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

அடக்கத்துக்குக் காண்ட்ராக்டர் வேன் அனுப்பினாரே, அவருக்கும் நன்றி போடு என்று உறவினர் ஒருவர் கேட்டார். போடமாட்டேன்.

அண்ணனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கி ஓடிய யார்டு கூட்டாளிகளுக்கும், கூடவே விழித்திருந்த மதினிக்கும், கல்லறைவரை நடந்து வந்த உங்கள் அனைவருக்கும் நன்றி.

அடக்கம் முடிந்த மறுநாள் காலை, காண்ட்ராக்டரின் ஆள் வந்து, அண்ணன் அங்கே வேலை பார்த்ததற்கு அத்தாட்சியாக இருந்த துறைமுகப் பாஸை வாங்கிக்கொண்டு போனார்.