போயா நாளில் கவுச்சி

செல்லப்பாவைப் போல நல்ல அண்ணன் கிடைப்பது அரிது. அவரைப் போல முன்யோசனை இல்லாத மனிதனும் அரிதுதான். துக்கம் முடிந்த தங்கைக்குக் கோழி அடித்துக் கவுச்சிச் சாப்பாடு போடுவது பிறந்த வீட்டின் கடமை. தங்கை புருஷனின் கருமாதி தெல்தோட்டையில் முடிந்ததும், மறுநாளே கண்டியில் தன் அறையில் சமைக்கிறேன் என்று சொல்லிவிட்டார். மறுநாள் போயா, பௌர்ணமி விடுமுறை என்பது அவருக்கு நினைவில்லை. அன்றைக்கு ஊரில் ஓர் இறைச்சிக்கடைகூடத் திறந்திருக்கவில்லை.

அந்தத் தங்கை சந்திரிகா என்னோடு புடவைக்கடையில் வேலை செய்பவள். தேயிலைத் தோட்டத்து லய வீட்டில் பிறந்து, சாதாரண தரப் பரீட்சை வரை படித்து, டவுனுக்கு வந்தவள். நாற்பது புடவையைப் பிரித்துப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு போகிறவர்களையும் சிரித்த முகத்தோடு அனுப்புவாள். அவர்கள் படி இறங்கிய பிறகு அவள் வாயிலிருந்து வருவதை இங்கே எழுத முடியாது.

வத்தேகமவில் துண்டு நிலம் வாங்கி அவளும் புருஷன் இராமகிருஷ்ணனும் வீடு கட்டினார்கள். சுவர் எழும்பியது, கூரைக்கு வழியில்லை. அவன் மலேசியாவுக்குத் தொழிற்சாலை வேலைக்குப் போனான். கடந்த வருடத்திலிருந்து போனில் ஒரே பாட்டு: இங்கே சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை, வந்துவிடட்டுமா? கூரை போடும்வரை பொறுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, எங்களிடம் வந்து, அவருக்கு நாக்கு நீளம் என்று சிரிப்பாள். நாங்களும் சேர்ந்து சிரித்தோம்.

ஒரு காலையில் அவன் தூக்கத்திலிருந்து எழும்பவில்லை. நெஞ்சடைப்பு என்றார்கள். அங்கேயே எரித்து, சாம்பலைத்தான் அனுப்பினார்கள். முகம் பார்க்காத சாவுக்கு எப்படி அழுவது? ஒப்பாரி வைத்த பொம்பளைகள் அவளைக் கட்டிப்பிடித்து உலுக்கியும் கண்ணில் சொட்டுத் தண்ணீர் வரவில்லை. என்னிடம் மட்டும் ஒன்று சொன்னாள். அவன் வாய்க்குப் பிடிக்காத சோற்றைத் தின்ன முடியாமல் பட்டினி கிடந்தே செத்துவிட்டானாம். அதை நினைத்து அவளும் கஞ்சித் தண்ணீருக்கு மேல் எதையும் தொடவில்லை. இன்றைக்காவது நாலு வாய் சாப்பிடுவாளா என்பதுதான் அண்ணனுக்கும் எனக்கும் கவலை.

பேராதனை வீதியில் ஒரு மாடிக்கடையில் போயாவுக்கும் கோழி கிடைக்கும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, செல்லப்பா எங்கள் இருவரையும் தன் ஆட்டோவில் ஏற்றி வந்தார். படியடியில் நின்றுதான் பலகையைப் படித்தேன். மலேசியச் சாப்பாட்டுக்கடை. அவர் கையைக் கிள்ளினேன். அண்ணாந்து பார்த்தவரின் முகம் செத்துப்போனது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவரை அங்கேயே அறைந்திருப்பேன். வேறு கடைக்குப் போவோம் என்றேன். எங்கே தின்றால் என்ன என்று சொல்லிக்கொண்டே அவள் ஏறிவிட்டாள்.

செல்லப்பா விலைப்பட்டியலைப் பார்க்காமலே கோழி இருக்கிற ஏதாவது கொண்டுவரச் சொன்னார். தேங்காய்ப்பாலில் வெந்த சோறு, பொரித்த நெத்தலி, கச்சான் கடலை, பாதி முட்டை, சிவந்த சம்பல், கோழிக்கால் ஒன்று. சந்திரிகா கரண்டியைத் தள்ளிவிட்டுக் கையால் பிசைந்தாள். ஒரு வாய் வைத்தாள். நிறுத்தி, இன்னொரு வாய் வைத்தாள். பிறகு தலை நிமிராமல் முழுவதையும் சாப்பிட்டாள். செல்லப்பாவுக்கு உயிர் வந்தது. தன் தட்டில் இருந்த கோழியையும் எடுத்து அவளுக்கு வைத்தார்.

"நம்ம பால்சோறுதாண்ணே இது," என்றாள் அவள். "சம்பலும் நம்ம சீனிச் சம்பல் மாதிரிதான் இருக்கு."

"ஆமாம்மா. நல்லாச் சாப்புடு."

"இதச் சாப்புட முடியாமலா அந்த மனுசன் வாரேன் வாரேன்னாரு?"

செல்லப்பா என்னைப் பார்த்தார். நான் மேசையைப் பார்த்தேன்.

"நெஞ்சு வலிக்குதுன்னு சொன்னா நான் பயந்துருவேன்," என்றாள், யாரோ ஒருத்தியின் கதையைச் சொல்வதுபோல. "சாப்பாடு சரியில்லன்னா சிரிப்பேன். அதான் அப்புடிச் சொல்லியிருக்காரு. நானும் சிரிச்சேன்."

அப்போதும் அவள் அழவில்லை. அண்ணன் வைத்த கோழியையும் எலும்பு தெரியச் சாப்பிட்டு முடித்தாள்.