சத்தம் வர ஒரு சந்து

போன சனிக்கிழமை காலை பத்தரை மணிக்கு, தாராவியிலிருந்து சாகுல் பாய் எங்கள் செம்பூர் கட்டடத்துக்கு வந்தார். லிஃப்டில் மூன்றாவது மாடிக்குப் போனார். ஆகஸ்டில் தன் கையால் அளந்து, தன் கையால் ஒட்டிய கார்ப்பெட்டை, கட்டரால் கோடு கிழித்து வெட்டி எடுத்தார்.

வெட்டச் சொன்னது நான். ஆகஸ்டில் போடச் சொன்னதும் நான்தான்.

"சத்தம் வேண்டாம்னு நம்மகிட்ட வந்தவங்க நெறைய பேரு சார். சத்தம் வேணும்னு வந்த மொத ஆளு நீங்கதான்" என்றார் பாய்.

அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன். சொல்லாமல் இந்த வாரம் வேறு எதையும் எழுத முடியாது போலிருக்கிறது.

இந்தப் பக்கத்தை வழக்கமாகப் படிப்பவர்களுக்கு என் வியாதி தெரியும் – தேதி. ட்யூப்லைட் மாற்றினால் அதன் பட்டியில் தேதி எழுதுவேன். காஸ் சிலிண்டர், செருப்பு, ஊறுகாய் பாட்டில்... எதுவும் தப்பாது. "ஒருநாள் நான் அசந்து தூங்கறப்ப என் முதுகுலயும் எழுதிடுவீங்க" என்பாள் என் மனைவி செல்வி.

ஜூன் மாதம், மழை பிடித்த வாரம், எங்களுக்கு நேர் மேல் வீட்டுக்குக் கல்யாணி டீச்சர் குடிவந்தார். மாட்டுங்காவில் பள்ளிக்கூடம் ஒன்றில் கணக்கு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். இடுப்பில் ஆபரேஷன் ஆகியிருந்தது. மாட்டுங்கா வீட்டில் லிஃப்ட் கிடையாது. அதனால் மகன் ஸ்ரீராம் இங்கே வீடு பார்த்துக் கொடுத்திருந்தான். அவனுக்கு வேலை ஐரோலியில், குடித்தனமும் அங்கேதான். ஞாயிற்றுக்கிழமை வருவான். வேலைக்கு வரும் பெண் மாலையில் வந்துபோவாள். மற்ற நேரமெல்லாம் டீச்சர் தனி.

தனியாக இருந்தார். ஆனால் சும்மா இருக்கவில்லை!

டக்... டக்... சர்ர். அலுமினிய வாக்கர். அரை மணிக்கு ஒருமுறை படுக்கையறை, ஹால், திரும்பப் படுக்கையறை. அதன் நான்கு கால்களுக்கும் புது ரப்பர் வாங்கிக் கொடுத்துப் பார்த்தோம். 'டக்' போய் 'தொம்' வந்தது. தொம்... தொம்... சர்ர்.

என்னால் படிக்க முடியவில்லை. எழுத முடியவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருப்பேன், எழுந்தால் கூரையைப் பார்ப்பேன். அடுத்தது எப்போது வரும் என்று காத்திருப்பது, சத்தத்தைவிடப் பெரிய தொந்தரவாக இருந்தது.

வேறு என்ன செய்வேன்? ஒரு நோட்டு போட்டேன். செவ்வாய், காலை 6.10 – நடை, பத்துச் சுற்று. 6.40 – நடை. 8.05 – நடை. 11.10 – குக்கர், மூன்று விசில்...

"பேங்க்ல ஆடிட் பண்ணது போதாதா? இப்ப மாடி வீட்டு ஆடிட்டா?" என்றாள் செல்வி.

மூன்று வாரம் நிரப்பிய பிறகு, நோட்டை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். டீச்சர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நிதானமாக ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். எனக்கு உள்ளங்கை வேர்த்தது. ஏழாம் வகுப்புக்குப் பிறகு அப்படி வேர்த்ததில்லை.

"வியாழக்கிழமை ஏழே காலுக்கு ஒரு தரம் நடந்தேன். அதை விட்டுட்டேளே?" என்றார்.

"அது... பால் வாங்கப் போயிருந்தேன்."

"உக்காந்தா உக்காந்ததுதான்னு டாக்டர் சொல்லிட்டார் சார். நடக்காம இருக்க முடியாது. சத்தமில்லாம நடக்க வழி இருந்தா சொல்லுங்கோ, கேக்கறேன்."

வழியை ஸ்ரீராம் போனில் சொன்னான். அவன் ஆபீசில் ஒரு மாடியை முழுதாகப் பிரித்துப் புதுப்பிக்கிறார்கள். தரையில் ஒட்டியிருந்த கார்ப்பெட் டைல் எல்லாம் குப்பைக்குப் போகக் காத்திருக்கிறது. "அங்கிள், டெம்போ வெச்சு எடுத்துட்டுப் போனாப் போதும்."

கார்ப்பெட் டைல் என்றால், ஒன்றரை அடிக்குச் சற்று அதிகமான சதுரத் துண்டுகள். மேலே கம்பளி மாதிரி, அடியில் ரப்பர் மாதிரிக் கனத்த பட்டை. அப்படியே தரையில் பரப்பினால் ஓரம் தூக்கும், வாக்கர் தடுக்கும். இதற்கு ஆள் ஒருவர்தான் உண்டு. எங்கள் வாஷிங் மெஷினுக்கு அடியில் இருக்கிற மெத்தையைச் செய்தவர். அதன் ஓரத்தில் அவர் பெயரும் தேதியும் எழுதி வைத்திருக்கிறேன்.

சாகுல் பாய் திருநெல்வேலி மேலப்பாளையத்துக்காரர். தாராவியில், இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்கி நிற்க வேண்டிய சந்தில் அவர் பட்டறை. கீழே நான்கு பேர், கார்ப்பெட்டின் முதுகில் ஒட்டிய பழைய பசையைத் தகட்டுக் கத்தியால் சுரண்டிக்கொண்டிருந்தார்கள். ஏணி ஏறினால் மேலே ஓரம் தைக்கிற மெஷின்கள். கூரை மேல் கழுவிக் காயப்போட்ட கார்ப்பெட்டுகள். எக்சிபிஷனில் மூன்று நாள் மிதிபட்டது, ஹோட்டல் வராந்தாவில் பத்து வருடம் மிதிபட்டது, எல்லாம் ஒன்றாக வெயில் காய்ந்தன.

"இப்படி ரீசைக்கிளிங் பண்ணுவதற்கு உங்களைப் பாராட்ட வேண்டும், பாய்" என்றேன். பத்தி எழுதுகிறவனின் வழக்கமான அசட்டுத்தனம்.

"அப்படியெல்லாம் பேரு வைக்கல சார். கிழிஞ்சத வெட்டுதோம், நல்லத தைக்கிதோம்."

ஐரோலியிலிருந்து டெம்போவில் வந்து இறங்கிய டைல்களை ஒவ்வொன்றாகக் கையால் தடவிப் பிரித்தார். ஒன்றைத் தூக்கிக் காட்டினார். "இது மேனேஜர் ரூமு."

"எப்படித் தெரியும்?"

"தேயவே இல்லியே!"

பசை சுரண்டிக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். இன்னொன்றை எடுத்தார். மொட்டையாகத் தேய்ந்திருந்தது. "இது தண்ணி மெஷின் பக்கம். ஆபீஸ்லயே ஜாஸ்தி ஜனம் நின்ன எடம் அதான். இந்தா, வட்டமாத் தேஞ்சிருக்கு பாருங்க... நாற்காலிச் சக்கரம் சுத்துன தடம்."

தேய்ந்ததை என்ன செய்வார்? மீன்காரர்கள் ஐஸ் பெட்டியைச் சுற்ற வாங்கிப் போவார்களாம். வட்டமாகத் தேய்ந்ததில் நடுவை நீக்கிவிட்டு, மூலைகளை நாற்காலிக் கால்களுக்குக் கத்தரிப்பாராம். நல்லதில் கொத்தனார்களுக்கு முழங்கால் மெத்தை, ஸ்கூட்டரில் கால் வைக்கும் இடத்துக்கு விரிப்பு, நாய்களுக்குப் படுக்கை.

"நாய்க்கா?"

"பாந்த்ரா பங்களா நாய் சார். நம்மள விட நல்லாத் தூங்குது."

அளவெடுக்க அவரே செம்பூர் வந்தார். டீச்சரை நடக்கச் சொல்லி, பின்னாலேயே குனிந்து போய்ச் சாக்பீசால் தடம் போட்டார். வெளியே வந்ததும் என்னிடம் கேட்டார்:

"கூட வேற யாரும் உண்டுமா சார்?"

"இல்லை. தனிதான்."

"அப்ப முழுசா மூடணுமா?"

"ஒரு அங்குலம் விடாமல்."

ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு, "பராபர் சார், போட்டுருதேன்" என்று போய்விட்டார். அந்தக் கேள்வியை நான் நோட்டில் எழுதவில்லை. எழுதியிருக்க வேண்டியது அது ஒன்றுதான்.

போட்டார். படுக்கையறையிலும் ஹாலிலும், ஓரம் தூக்காமல், ஒரே துண்டு மாதிரி. அன்று மாலையிலிருந்து என் தலைக்கு மேல் யாரும் இல்லாத மாதிரி ஆகிவிட்டது.

நிம்மதி வந்ததா?

அதுதான் வேடிக்கை. 6.10க்கு விழிப்பு வந்துவிடும். கூரையைப் பார்ப்பேன். ஒன்றுமில்லை. 6.40... ஒன்றுமில்லை. நோட்டில் 'சத்தமில்லை', 'சத்தமில்லை' என்று எழுதிக்கொண்டு போனேன். "சத்தத்துக்கு எழுதினீங்க, சரி. சத்தமில்லாததுக்குமா?" என்று செல்வி தலையில் அடித்துக்கொண்டாள்.

சமையலறையில் மட்டும் கார்ப்பெட் கிடையாது. அதனால் ஒரு வரி மட்டும் மாறாமல் இருந்தது. 11.10 – குக்கர், மூன்று விசில்.

ஐந்து வாரம் கழித்து ஒரு வியாழக்கிழமை. காலை முழுவதும் மேஜையில் உட்கார்ந்து இந்தப் பக்கத்துக்கு வேறு எதையோ எழுதிக்கொண்டிருந்தேன். 11.10 ஆனது. விசில் இல்லை. 11.15. பேனாவைத் திறந்து மூடினேன். காய் வாங்கப் போயிருப்பாரோ? வாக்கரோடா? 11.20. விரதநாளா? காலண்டரைப் பார்த்தேன். இல்லை.

11.25க்குச் சாவியை எடுத்துக்கொண்டு நானும் செல்வியும் படியேறினோம். லிஃப்டுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லை. அவசரத்துக்கு என்று ஸ்ரீராம் கொடுத்து வைத்திருந்த சாவி.

கட்டிலுக்குப் பக்கத்தில், ஒருக்களித்த மாதிரித் தரையில் கிடந்தார் டீச்சர். பாத்ரூமிலிருந்து திரும்பியபோது தலை சுற்றி விழுந்திருக்கிறார். போன் ஹாலில் சார்ஜில். மணி எட்டிலிருந்து அங்கேயே கிடந்திருக்கிறார். எட்டிலிருந்து!

தண்ணீர் கொடுத்தோம். இரண்டு வாய் குடித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"வீட்லதானே இருந்தேள்?"

"ஆமாம் டீச்சர்."

"தட்டினேனே சார். கத்திப் பார்த்தேன், மழைச் சத்தம். அப்புறம் வாக்கரால தட்டினேன். சும்மா தட்டினா நடக்கறேன்னு நெனச்சுப்பேள்னு, ரெண்டு, மூணு, அஞ்சு, ஏழுன்னு பகா எண்ணாத் தட்டினேன். நோட்டு போடற மனுஷர், எண்ணிப் பார்த்தா புரிஞ்சுப்பேள்னு." மூச்சு வாங்கினார். "பதினொண்ணு வரைக்கும் போனேன். பதிமூணுக்குத் தெம்பில்லை."

சிறையில் அடுத்த அறைக்காரரோடு சுவரில் தட்டித் தட்டியே பேசிய கைதிகளைப் பற்றி நான் எத்தனை புத்தகங்களில் படித்திருக்கிறேன்! அடிக்கோடு போட்டு, படித்த தேதியும் எழுதி வைத்திருக்கிறேன். என் தலைக்கு எட்டடி மேலே ஒருவர் மூன்றரை மணி நேரம் தட்டியிருக்கிறார். நடுவில் என்ன இருந்தது? நான் ஒரு அங்குலம் விடாமல் போடச் சொன்ன கார்ப்பெட்.

நல்லவேளை, எலும்பு தப்பித்தது. இடுப்பிலும் தோளிலும் கன்றிப்போயிருந்ததோடு சரி. ஸ்ரீராம் ஐரோலியிலிருந்து ஓடிவந்தான். "என்னோட வந்துடும்மா" என்றான். "அங்கே நடக்க எங்கே எடம்?" என்றார் டீச்சர். அவன் என்னைப் பார்த்தான். குற்றமாகப் பார்க்கவில்லை. நான்தான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அன்றைக்கே சாகுல் பாய்க்குப் போன் செய்தேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "தனியா இருக்காவன்னீங்க. அன்னைக்கே மனசுல பட்டுச்சு சார். கஸ்டமர்ட்ட எதுத்துச் சொல்லக் கூடாதேன்னு விட்டுட்டேன். என் தப்புதான்" என்றார்.

தப்பில் பங்கு கேட்கிறார் மனுஷர்! நான் கொடுக்கவில்லை. அது முழுக்க என்னுடையது.

சனிக்கிழமை வந்தவர், கட்டிலிலிருந்து பாத்ரூம் வரை, கட்டிலிலிருந்து ஹால் வரை, நடக்கும் தடத்தை ஒட்டி ஓரடி அகலத்துக்குக் கார்ப்பெட்டை நீக்கினார். வெட்டிய விளிம்பு காலில் தட்டாமல் சரித்துச் சீவி, பட்டை வைத்து ஒட்டினார். நடக்கிற இடத்தில் மெத்தை. விழுந்தால் கை எட்டுகிற தூரத்தில் வெறும் தரை. நிமிர்ந்து பார்த்துவிட்டு, "நம்ம ஏரியா மாதிரியே ஆக்கிட்டேன் சார். சத்தம் வரதுக்கு ஒரு சந்து" என்றார்.

வெட்டிய துண்டுகளைச் சுருட்டப் போனார். கட்டிலில் உட்கார்ந்திருந்த டீச்சர் தடுத்தார். "அதைக் கீழ் வீட்டு சார்ட்ட குடுங்கோ பாய். அவர் மிக்ஸிக்கு அடியில போடட்டும். காலம்பற ஆறே முக்காலுக்கு அது என் கட்டில்வரைக்கும் வரது. நான் நோட்டு போடலை, அவ்வளவுதான்."

பாய் சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பினார். நான் வாங்கிக்கொண்டேன். இப்போது எங்கள் மிக்ஸி, ஐரோலி மேனேஜர் அறையின் தேயாத கார்ப்பெட்டில் உட்கார்ந்து சட்னி அரைக்கிறது.

பழைய கார்ப்பெட்டை எதுவாக வேண்டுமானாலும் மாற்றிவிடலாம் என்று தாராவியில் தெரிந்துகொண்டேன். எந்த இடத்தில் அதைப் போடாமல் விட வேண்டும் என்பது மட்டும், கூரையைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தால்தான் தெரியும் போலிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமையிலிருந்து ஓர் ஏற்பாடு. காலை 8.05க்கு டீச்சர் வெறும் தரையில் வாக்கரால் தட்டுவார். இரண்டு, மூன்று, ஐந்து, ஏழு. நான் எழுதிக்கொள்வேன். பிறகுதான் பேப்பர், டீ எல்லாம்.

நேற்று 8.05. இரண்டு. மூன்று. ஐந்து. பேனாவை எடுத்தேன். அடுத்தது ஏழில் நிற்கவில்லை. எட்டு... ஒன்பது. அதோடு சரி. ஒன்பதா? ஒன்பது பகா எண் இல்லையே!

ஒற்றைச் செருப்போடு படியேறினேன். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, வாக்கரைப் பிடித்தபடி வாசலிலேயே நின்றிருந்தார் டீச்சர். கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு.

"ஐம்பது செகண்டு. பரவாயில்லை, எண்ணறேள்" என்றார்.

கணக்கில் என் வாழ்நாளில் கிடைத்த முதல் பாராட்டு. தேதி போட்டு வைத்திருக்கிறேன்.