காலால் வாசித்தவர்

முதலில் ஊசி தட்டில் உரசும் 'கரகர' சத்தம் கேட்கும். பிறகு, அலமாரியில் கவிழ்த்து வைத்த எவர்சில்வர் தம்ளர்கள் மெல்ல நடுங்கத் தொடங்கும். ஆர்கனின் அடிக்குரல் வந்துவிட்டது என்பதற்கு அந்த நடுக்கம்தான் அடையாளம். ஹைதராபாத் சனத்நகரில், அப்பாவின் தொழிற்சாலைக் குடியிருப்பில், எங்கள் ஞாயிற்றுக்கிழமைகள் அப்படித்தான் தொடங்கின.

அப்பாவோடு லேத் ஓட்டிய டெரிக் மாமா ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்தபோது, தன் ரெக்கார்ட் பிளேயரையும் ஐந்து எல்.பி. தட்டுகளையும் அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். ஐந்திலும் ஒரே அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர்தான் ஆர்கன் வாசித்தார். தேவாலயப் பாட்டும் ஜாஸும் கலந்து, கேட்பவர் தலையைத் தானாக ஆடவைக்கிற இசை அது. அதற்கு 'சோல் ஜாஸ்' என்று பெயர் என்பதெல்லாம் பின்னாளில்தான் எனக்குத் தெரிந்தது. எங்கள் வீட்டில் அவர் 'ஆர்கன்காரர்', அவ்வளவுதான். திருநெல்வேலியிலிருந்து வந்து, வாரம் ஆறு நாளும் இயந்திர இரைச்சலில் நின்று, அதிகம் பேசாமலே பழகிவிட்ட அப்பா, அந்தத் தட்டு சுழலும்போது மட்டும் முழங்காலில் தாளம் போட்டபடி சிரிப்பார்.

அந்தச் சிரிப்பைக் கெடுத்தவள் நான்தான். பத்து வயதில், இங்கிலீஷ் படிக்கத் தெரியும் என்ற மிதப்பில், தட்டு வைக்கும் உறை அட்டை ஒன்றின் பின்பக்கத்தை எழுத்துக் கூட்டிப் படித்து, "அம்மா, இவரு காலாலயும் வாசிப்பாராம்!" என்று கூவினேன். படத்திலும் அவர் வெறும் காலுறையோடு, ஆர்கனுக்கு அடியிலிருந்த கட்டைகளை மிதித்துக்கொண்டிருந்தார். அப்பாவும் நிலைமை புரியாமல், "பின்னே? கீழ்ஸ்வரம் முழுக்கக் கால்தான்" என்று உற்சாகமாக எடுத்துக் கொடுத்தார்.

அம்மா தையலை நிறுத்தினாள். நோட்டுப் புத்தகம் காலில் பட்டாலே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டிய வீடு அது. "வாத்தியம்னா சரஸ்வதில்லா? அதைக் காலால மிதிக்கானா? இந்த வீட்டுல நக்கோ!" என்றாள். 'வேண்டாம்' என்பதற்குத் தெருவில் பழகிக்கொண்ட அந்த 'நக்கோ' அம்மாவின் வாயில் வந்துவிட்டால், அதற்கு மேல் பேச்சில்லை. அப்பா தட்டுகளைத் துடைத்து டிரங்குப் பெட்டியில் வைத்துவிட்டு, ஆயுத பூஜை கழிந்ததும் யாருக்காவது கொடுத்துவிடுவதாகச் சொன்னார். அடுத்த ஞாயிறு தம்ளர்கள் அசையவில்லை. செய்தித்தாளின் ஒரே பக்கத்தை அப்பா வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டு, என் நாக்கை நானே கடித்துத் துப்பலாம் போலிருந்தது.

பூஜையன்று அம்மா, குடியிருப்புப் பெண்களுக்கு ரவிக்கை தைக்கும் தன் மெஷினைத் துடைத்து, சக்கரத்துக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தாள். பிறகு குனிந்து, தான் மிதிக்கும் இரும்புப் பலகைக்கும் ஒரு பொட்டு வைத்தாள்.

"நீயும் காலாலதானம்மா மிதிக்கே?" என்று கேட்டேன்.

"ஏட்டி, இது நமக்குச் சோறு போடுது."

"அவருக்கும் அதுதானே சோறு போடுது?"

அடி விழும் என்று தலையைக் குனிந்துகொண்டேன். விழவில்லை. சற்று நேரத்தில் உள்ளே டிரங்குப் பெட்டி திறக்கும் சத்தம் கேட்டது. தொழிற்சாலைப் பூஜையின் பொரிப் பொட்டலத்தோடு அப்பா திரும்பியபோது, ஐந்து அட்டைகளும் மெஷினில் சாய்ந்து நின்றன. படத்தில் ஆர்கன்காரரின் இரண்டு கால்களிலும் குங்குமம் இருந்தது. அப்பா பொட்டலத்தைக் கீழே வைக்க மறந்து நின்றார். பூஜையில் வைத்ததை அன்று தொடக் கூடாது என்பதால் மறுநாள் வரை காத்திருந்தோம். "போடுங்க, கேப்போம்" என்று அம்மாவே சொல்லிவிட்டு, மிச்சமிருந்த ரவிக்கையை எடுத்துக்கொண்டு மெஷினில் உட்கார்ந்தாள். பாட்டின் பாதியில், மெஷினை மிதித்த அவள் கால் ஆர்கன்காரரின் காலோடு தாளம் சேர்ந்துகொண்டதை நானும் அப்பாவும் கவனித்தோம்.

இன்று அப்பா இல்லை, மெஷினும் இல்லை, தட்டுகள் வீடு மாறியதில் எங்கோ போய்விட்டன. குங்குமக் கறை படிந்த அந்த ஓர் அட்டை மட்டும் கொண்டாப்பூரில் என் ஃபிளாட்டில் இருக்கிறது. போன வாரம் அந்த ஐந்து ஆல்பங்களும் என் கைபேசியில் கிடைத்தன, ஒன்றை ஒலிக்கவிட்டேன். முழங்கால் தேய்ந்து, எதையாவது பிடிக்காமல் நடக்க முடியாத அம்மா, நாற்காலியில் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, அவருக்குக் கால் இன்னும் நல்லா இருக்கா?" என்றாள்.

ஆர்கன்காரர் இறந்து வெகுகாலமாகிறது. "நல்லா இருக்கும்மா" என்றேன்.