அம்மாவுக்கு நெஞ்சுவலி என்று சொல்லி வைத்தோம்

எங்கள் பக்கத்தில் பெண்ணைப் பற்றி விசாரிக்க வருகிறவர்கள் முதலில் வீட்டுக்கு வரமாட்டார்கள். உரக்கடையில் உட்கார்ந்து ஒரு டீ சொல்லிவிட்டு, "அந்தக் குடும்பம் எப்படிங்க?" என்று ஆரம்பிப்பார்கள். அதற்குப் பயந்துதான், மார்புப் புற்றுநோயில் இறந்துபோன அம்மாவுக்கு நெஞ்சுவலி என்று ஊரில் சொல்லி வைத்தார் அப்பா. எங்கள் மேல் உள்ள பிரியத்தில் ஊரும் அப்படியே சொன்னது. எனக்குக் கல்யாணம் ஆனது. அம்மா போனபோது தங்கைக்கு ஆறு வயது. அவளுக்கும் அதையேதான் சொன்னோம். வளர்ந்த பிறகும் யாரும் திருத்தவில்லை.

நாற்பத்து மூன்று வயதில் எனக்கும் அதே நோய் வந்தது. தஞ்சாவூரில் ஆபரேஷன். டாக்டரம்மாவிடம் மட்டும் அம்மாவைப் பற்றிய உண்மையைச் சொன்னேன்.

"இது குடும்பத்துல வழிவழியா வர்றதா இருக்கலாம்மா. உங்க ரத்தத்தை பெங்களூருக்கு அனுப்பிப் பார்த்தா தெரிஞ்சிடும். அப்படி இருந்தா தங்கச்சியையும் கூட்டிட்டு வாங்க. முன்னாடியே பார்த்துக்கலாம்" என்றார்.

குவைத்தில் இருந்த கணவர் போனில், "பொண்ணுக்கு ஒரத்தநாட்டு வரன் கூடி வர்ற நேரம். கல்யாணம் முடியட்டும், டெஸ்ட்டு எங்க ஓடிப்போவப்போவுது?" என்றார். அவர் மேல் பழியைப் போட எனக்கு மனசில்லை. அவர் சொல்வதற்கு முன்பே நான் முடிவு செய்துவிட்டேன். சோதனை என்றால், இது அம்மாவிடமிருந்து வந்த குடும்ப நோய் என்று தங்கையிடம் சொல்ல வேண்டும். அவள் மாமியாரிடம் சொல்லாமல் இருக்கமாட்டாள். அந்த அம்மா காதில் விழுந்தது உரக்கடைக்கு வர எத்தனை நாளாகும்?

என்னைப் பார்க்க வந்த தங்கை, "டாக்டர் வேற என்னக்கா சொன்னாங்க?" என்று கேட்டாள்.

"ஒண்ணுமில்லடி. வேளாவேளைக்குச் சாப்பிடச் சொன்னாங்க."

மகள் கல்யாணம் குறையில்லாமல் நடந்தது. பந்தியில் ஓடி ஓடிக் கவனித்தவள் தங்கைதான். அதற்குப் பிறகும் நான் சோதனைக்குப் போகவில்லை. நடவு முடியட்டும் என்றேன், மகளுக்குப் பிரசவம் ஆகட்டும் என்றேன். சாக்குக்கா பஞ்சம்? வெட்கங்கெட்டவள் நான்.

மூன்றாவது வருஷம் தங்கை மார்பில் ஒரு கட்டியோடு வந்து நின்றாள். நான்தான் அழைத்துப் போனேன். இந்த முறை வேறு டாக்டர், சின்ன வயசுக்காரர். அக்குளிலும் நெறி கட்டியிருக்கிறது, கொஞ்சம் முன்னாலேயே வந்திருக்கலாம் என்றார். பிறகு ஒரு தாளை எடுத்துக்கொண்டு குடும்பத்தில் யார் யாருக்கு என்ன என்று கேட்டார். தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டு பதில் சொன்னாள்.

"அக்காவுக்கு இதே நோவுதாங்க. அம்மாவுக்கு நெஞ்சுவலி."

அவர் எழுதப் போனார். "இல்லைங்க, அம்மாவுக்கும் இதுதான்" என்றேன்.

தங்கை என்னைத் திரும்பிப் பார்த்தாள். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"உனக்கு வந்தப்பவே இதெல்லாம் தெரியுமாக்கா?"

"தெரியும்டி."

என்னைப் பிடித்திருந்த கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.